தொலைந்த சொற்களும் ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரமும்

சீப்பின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கிறார் பேச்சுப் பயிற்சியாளர். எதிரே இருப்பவர் பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர். அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். கையைத் தலைக்குக் கொண்டுபோய் வாரிக் காட்டுகிறார். "அதான்... தலைக்கு... இப்படி இழுப்போமே" என்கிறார். பெயர் மட்டும் வரவில்லை. சில நேரம் "கண்ணாடி" என்று வந்துவிடும். தவறு என்று தெரிந்து அவரே தலையை ஆட்டுவார். சில நேரம் எழுத்து இடம் மாறி "பீச்சு" என்று வரும். பயிற்சியாளர் "சீ..." என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தால் "சீப்பு!" என்று சட்டென்று வந்து விழும்.

இதில் கடைசியாக நடந்ததுதான் முக்கியம். முதல் எழுத்தைக் கேட்டதும் வருகிற சொல், மூளையிலிருந்து அழிந்துபோன சொல்லாக இருக்க முடியாது. அது உள்ளே இருக்கிறது. வேண்டிய நேரத்தில் எடுக்க முடியவில்லை. மூளை பாதிப்பால் மொழித்திறன் குலைவதை அஃபேசியா என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. இதில் வகைகள் பல. ஒருவருக்கு வாக்கியமே திக்கித் திணறும். இன்னொருவருக்குப் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது. வேறொருவருக்கு மற்றவர் சொல்வது புரியாது. ஆனால் சொல்லைத் தேடித் தவிப்பது எல்லா வகையிலும் உண்டு. மற்றதெல்லாம் தேறிய பிறகும் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் இந்தக் குறைதான். சாலை விபத்திலோ போரிலோ தலையில் அடிபட்டவர்களும் இதே தவிப்பைச் சொல்வார்கள்.

உள்ளே இருக்கிற சொல்லை வெளியே கொண்டுவர, மூளையை மின்சாரத்தாலோ காந்தத்தாலோ தூண்டிவிட்டால் என்ன? ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றி ஆய்வுகள் நடக்கின்றன. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்டல் மட்டுமே சொற்களைத் திருப்பித் தந்துவிடும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. பெரும்பாலும் பயிற்சிதான் தருகிறது. அந்தப் பயிற்சியின் பலனைத் தூண்டல் சிலருக்குக் கூட்டுகிறது. அந்தச் சிலர் யார், அவர்கள் மூளையில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்பதில்தான் இன்னும் தகராறு.

ஒரு பொருளின் பெயரைச் சொல்வது நமக்கு ஒரு நொடிகூட ஆகாத வேலை. உள்ளே அது பல படிகளில் நடக்கிறது. முதலில் பார்த்தது என்ன என்று அடையாளம் தெரிய வேண்டும். பிறகு அதன் பொருளோடு ஒட்டிய பல சொற்களிலிருந்து சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் ஒலிகளை வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் நாக்கும் உதடும் குரல்வளையும் அசைய வேண்டும். "கண்ணாடி" என்று சொன்னவர் தேர்ந்தெடுக்கும் படியில் வழுக்கியிருக்கிறார். "பீச்சு" என்றவர் சரியான சொல்லைப் பிடித்துவிட்டு ஒலிகளை அடுக்கும்போது தவறியிருக்கிறார். ஒன்றுமே வராமல் கையை ஆட்டுகிறவருக்கு இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே அறுந்திருக்கலாம். வெளியே ஒரே குறையாகத் தெரிவது உள்ளே மூன்று விதமான பழுதாக இருக்கக்கூடும். தூண்டல் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் படிகளில் பெரும்பாலானவை, வலக்கைப் பழக்கம் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் மூளையின் இடப்பக்கத்தில்தான் நடக்கின்றன. 1861இல் பாரிஸ் நகரை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் இறந்த லெபோர்ன் என்பவரின் மூளையை அறுத்துப் பார்த்து இதை நிறுவத் தொடங்கியவர் பால் புரோக்கா. லெபோர்ன் எதைக் கேட்டாலும் "டான்" என்று மட்டுமே பதில் சொல்லி வந்தவர். அவருடைய மூளையின் இட முன்பகுதியில் பழுது இருந்தது. அந்த இடம் இன்றும் புரோக்கா பகுதி என்றே அழைக்கப்படுகிறது. 1874இல் கார்ல் வெர்னிக்கே, காதுக்கு அருகே பின்னால் உள்ள பகுதியில் அடிபட்டால் புரிதல் குலைகிறது என்று காட்டினார். மொழி இந்த இரண்டு இடங்களில் மட்டும் குடியிருக்கவில்லை, நெற்றிப்புறம் தொடங்கிக் காதின் பின்புறம் வரை பரவிய வலையாகவும் அவற்றை இணைக்கும் நரம்பிழைகளாகவும் இருக்கிறது என்பது இன்றைய புரிதல். துரதிர்ஷ்டம் என்னவென்றால், இந்தப் பரப்பு முழுவதற்கும் இரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் ஒரே தமனி, இடது நடு மூளைத் தமனி. அது அடைத்துக்கொண்டால் வலக்கையும் வலக்காலும் விழுவதோடு பேச்சும் போவது அதனால்தான்.

இரண்டு கருவிகள்

தூண்டலுக்கு இப்போது அதிகம் பயன்படுபவை இரண்டு முறைகள். இரண்டிலும் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை.

முதலாவது காந்தத் தூண்டல். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் செய்து காட்டியது. எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிய கம்பிச் சுருளைத் தலையின் மேல் வைத்து, அதில் கணநேரம் பலமான மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, அடியில் இருக்கும் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். நரம்பணுக்கள் உண்மையிலேயே "சுடும்", அதாவது மின்சமிக்ஞை அனுப்பும். கையை அசைக்கும் பகுதியின் மேல் வைத்தால் நாம் நினைக்காமலே விரல் துள்ளும். ஒருவருக்கு எவ்வளவு பலம் தேவை என்று அளப்பதும் இந்த விரல் துள்ளலை வைத்துத்தான். நொடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாகப் பல நிமிடங்கள் கொடுத்தால் அந்த இடத்தின் பரபரப்பு பொதுவாகக் குறைகிறது. நொடிக்கு ஐந்து, பத்து என்று வேகமாகக் கொடுத்தால் கூடுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் சண்டைக்கு இதுதான் ஆயுதம்.

இரண்டாவது நேர்மின்னோட்டத் தூண்டல். கருவி மிக எளிது: உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சுறைகள், உள்ளே மின்முனைகள், மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு பெட்டி. ஒன்றோ இரண்டோ மில்லி ஆம்பியர் மின்சாரம், சுமார் இருபது நிமிடம். தொடங்கும்போது தோலில் லேசாக ஊறும், அரிக்கும், அவ்வளவுதான். இது பழைய யோசனைதான். ஜெர்மனியின் கட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்ஷேவும் வால்டர் பாலுஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பெரிய அலையாக எழுந்தது. நேர்மின்முனையின் கீழே உள்ள புறணி எளிதில் தூண்டப்படுவதையும், எதிர்மின்முனையின் கீழே அது மந்தமாவதையும், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் அந்த மாற்றம் நீடிப்பதையும் அவர்கள் அளந்து காட்டினார்கள்.

இந்த இரண்டாவது முறை நரம்பணுவைச் சுட வைப்பதில்லை. அதற்கான பலம் அதற்குக் கிடையாது. ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் அணுக்களைச் சுடும் நிலைக்குக் கொஞ்சம் அருகே தள்ளிவிடுகிறது. அடுப்பில் கங்கு இருந்தால்தான் ஊதுகுழலுக்கு வேலை. அதுபோல நோயாளி அந்த நேரத்தில் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தால்தான் இந்த மின்சாரத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். படுக்கையில் சும்மா சாய்ந்திருப்பவரின் தலையில் இதை மாட்டிவிட்டுப் போவதில் பொருளில்லை.

எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்பதே ஒரு சர்ச்சை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கியோர்கி புசாக்கியின் குழு இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, தோலும் மண்டையோடும் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தின்றுவிடுகின்றன. மூளையை அடைகிற மிச்சம் நரம்பணுக்களின் போக்கை மாற்றப் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒற்றை அணுவை அசைக்காவிட்டாலும் ஒன்றாக வேலை செய்யும் கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்ந்தாற்போல் சாய்க்க அது போதும் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது வாதம் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஆனால் "சின்ன மின்சாரம், பெரிய மாற்றம்" என்று விளம்பரம் செய்பவர்கள் இந்தச் சர்ச்சையைச் சொல்வதே இல்லை.

வலப்பக்கம் உதவுகிறதா, கெடுக்கிறதா

இந்தத் துறையின் மையக் கேள்விக்கு நூற்று முப்பது வயதுக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். இடப்பக்கம் பழுதாகிப் பேச்சை இழந்து, பிறகு மெல்லத் தேறிய சிலர், பின்னாளில் வலப்பக்கத்திலும் அடிபட்டபோது திரும்ப வந்த பேச்சை மறுபடி இழந்தார்கள். அப்படியென்றால் இடையில் அவர்களைப் பேச வைத்தது வலப்பக்கம்தானே?

இந்த வாதம் நூறு ஆண்டு செல்வாக்கோடு இருந்தது. பிறகு மூளைப் படம் எடுக்கும் கருவிகள் வந்து சிக்கலாக்கின. நன்றாகத் தேறிய நோயாளிகளில் பழுதைச் சுற்றி எஞ்சிய இடப்பக்கப் பகுதிகள் வேலை செய்வது தெரிந்தது. சரியாகத் தேறாதவர்களில், சொல் தேடும்போது வலப்பக்க நெற்றிப்பகுதி அளவுக்கு மீறி வேலை செய்தது. இயல்பான மூளையில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அடக்கி வைக்கின்றன. இடப்பக்கம் வலுவிழந்ததும் வலப்பக்கத்துக்குக் கட்டுப்பாடு போய்விடுகிறது; கட்டவிழ்ந்த அந்தப் பக்கம் இடப்பக்கத்தில் மிஞ்சியதையும் அமுக்குகிறது என்று ஒரு விளக்கம் பிறந்தது.

விளக்கம் சரியென்றால் சிகிச்சையும் தெளிவு: வலப்பக்கத்தை அடக்கு. பாஸ்டனில் மார்கரெட் நேசர், பவுலா மார்ட்டின், அல்வரோ பஸ்குவால் லியோன் ஆகியோர் இதைத்தான் செய்து 2005இல் வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்து ஐந்து முதல் பதினோரு ஆண்டுகள் கழிந்த நான்கு நோயாளிகள். புரோக்கா பகுதிக்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் உள்ள இடத்தில், நொடிக்கு ஒரு துடிப்பாக இருபது நிமிடம், மொத்தம் பத்து நாள். இரண்டு மாதம் கழித்தும் படங்களுக்குப் பெயர் சொல்வதில் முன்னேற்றம் தெரிந்தது. நான்கு பேர் என்பது ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஆனால் அதற்கு முன்பு, இத்தனை ஆண்டு கழித்து இனி மாற்றமே வராது என்று கைவிடுவது வழக்கமாக இருந்தது. அந்த எண்ணத்தை இந்த நான்கு பேர் ஆட்டி வைத்தார்கள்.

அதே பாஸ்டனில் காட்ஃபிரைட் ஷ்லாக் நேரெதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தார். பேச முடியாத பலர் பாட முடிகிறது என்பது பழைய அனுபவம். சொற்றொடரை ராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்ல வைக்கும் ஒரு பயிற்சி 1970களிலிருந்து வழக்கத்தில் உண்டு. அது வலப்பக்கத்தின் உதவியை நாடுவது. அந்தப் பயிற்சியின்போது வலப்பக்க நெற்றிப்பகுதியில் நேர்மின்முனையை வைத்து, அடக்குவதற்குப் பதில் தூண்டிவிட்டார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில் ஆறு பேர். அவர்களுக்கும் பேச்சின் சரளம் கூடியது. ஒரே ஊர், ஒரே நோய், மூளையின் ஒரே பக்கம். ஒருவர் அடக்கினார், இன்னொருவர் தூண்டினார், இருவருக்கும் பலன். ஒன்று, இருவரில் யாரோ தற்செயலைப் பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் "வலப்பக்கம்" என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதே பிழையாக இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கம் என்று காட்டியது ஒரே ஒரு நோயாளியின் கதை. பீட்டர் டர்கெல்டாப்பும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சக ஆய்வாளர்களும் 2012இல் அதை வெளியிட்டார்கள். வலப்பக்கத்தைக் காந்தத்தால் அடக்கும் சிகிச்சை பெற்று, பெயர் சொல்வதில் முன்னேறிய பெண் ஒருவர். சில மாதம் கழித்து அவருக்கு வலப்பக்கத்திலேயே இன்னொரு பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் வெறும் இடைஞ்சல் என்றால் அது அடிபட்டபோது அவர் இன்னும் தேறியிருக்க வேண்டும். நடந்தது வேறு, அவருடைய மொழி மோசமானது. கவர்ஸ் சொன்னது அப்படியே திரும்ப நடந்தது, இந்த முறை மூளைப் படச் சான்றோடு. வலப்பக்கத்தில் ஒரு சிறு பகுதி இடைஞ்சல் செய்கிறது, மற்றவை கைகொடுக்கின்றன என்பதே அவர்கள் எடுத்த முடிவு. நேசரின் குழுவும் இதற்கு ஒத்த ஒன்றைப் பார்த்தது. வலப்பக்கத்தில் புரோக்கா பகுதிக்கு எதிரே இருக்கும் முக்கோண வடிவப் பகுதியை அடக்கினால் பெயர் சொல்வது மேம்படுகிறது; அதை ஒட்டிப் பின்னால் இருக்கும் அடுத்த மடிப்பை அடக்கினால் கெடுகிறது. இரண்டுக்கும் இடையே ஓரிரு சென்டிமீட்டர்தான்.

இதைப் படித்த பிறகு, தலையில் குத்துமதிப்பாக இடம் பார்த்துப் பஞ்சுறையைக் கட்டும் கிளினிக்குகளைப் பற்றி எனக்கு மரியாதை குறைந்துவிட்டது.

கணக்கு என்ன சொல்கிறது

நேர்மின்னோட்டத்தின் தொடக்க ஆய்வுகளும் இதே குழப்பத்தைக் காட்டின. இத்தாலியின் மிலான் நகரில் 2008இல் எட்டு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், இடப்பக்கத்தின் பழுதான பகுதியை மந்தமாக்கும் எதிர்மின்முனைதான் பெயர் சொல்வதை மேம்படுத்தியது. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. பிறகு வந்தவற்றில் பல, இடப்பக்கத்தில் நேர்மின்முனையை வைத்துப் பலன் கண்டன. எல்லாமே பத்து பேர், பதினைந்து பேர் அளவிலான சிறு ஆய்வுகள்.

அதனால்தான் தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் யூலியஸ் ஃப்ரிட்ரிக்சன் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத் தக்கது. 74 பேர், எல்லோரும் பக்கவாதம் வந்து ஆறு மாதத்தைக் கடந்தவர்கள். மூன்று வாரத்தில் 15 அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 45 நிமிடம் கணினியில் சொல் பயிற்சி. முதல் 20 நிமிடம் ஒரு மில்லி ஆம்பியர் மின்சாரம். 34 பேருக்கு உண்மையான தூண்டல், 40 பேருக்குப் போலி. போலி என்றால் தொடக்கத்தில் சில நொடி மட்டும் மின்சாரத்தை ஏற்றித் தோல் ஊறுவதை உணரவைத்துவிட்டு நிறுத்திவிடுவது. தனக்கு எது நடக்கிறது என்று நோயாளிக்கும் தெரியாது, பயிற்சி தருபவருக்கும் தெரியாது. இன்னொரு சிறப்பு, மின்முனையின் இடத்தை ஒவ்வொருவருக்கும் தனியாக மூளைப் படம் எடுத்துத் தீர்மானித்தார்கள். பெயர் சொல்லும்போது இடப்பக்கத்தில் எங்கே அதிகம் வேலை நடக்கிறதோ அங்கே வைத்தார்கள்.

முடிவில், தூண்டல் பெற்றவர்கள் சராசரியாகக் கூடுதலாக 13.9 சொற்களைச் சரியாகச் சொன்னார்கள். போலி பெற்றவர்கள் 8.2. செய்திகளில் இது "70 சதவீதம் அதிக முன்னேற்றம்" என்று வந்தது. தவறில்லை, ஆனால் முழுப் படமும் இல்லை. சோதித்தது 250க்கும் மேற்பட்ட சொற்களை. வித்தியாசம் ஆறு சொற்களுக்கும் குறைவு. ஆய்வாளர்களே இதை வெற்றி என்று அறிவிக்கவில்லை. "இதற்கு மேல் இதைத் தொடர்வது வீண்" என்று சொல்ல முடியுமா என்று பார்க்கத்தான் ஆய்வை வடிவமைத்தார்கள். வீண் என்று சொல்ல முடியாது என்பதே அவர்களின் முடிவு. எண்ணைவிட இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கவனியுங்கள், போலி பெற்றவர்களும் எட்டு சொல் முன்னேறியிருக்கிறார்கள். அது முழுக்கப் பயிற்சியின் பலன்.

அதே ஆண்டு நெதர்லாந்திலிருந்து வேறு செய்தி வந்தது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 58 பேருக்கு, புரோக்கா பகுதியில் ஒரே இடத்தில் மின்முனை வைத்து, சொல் தேடும் பயிற்சியோடு தூண்டல் கொடுத்தார்கள். போலிக்கும் உண்மைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் சில மாதங்களில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். அந்த வெள்ளத்தில் தூண்டலின் சிறு பலன் மூழ்கிப்போயிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே இடம் என்பதும் காரணமாக இருக்கலாம், அந்த இடம் சிலருக்கு ஏற்கெனவே செத்துப்போயிருக்குமே. 21 ஆய்வுகளையும் 421 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு வெளியிட்டது) இப்படி முடித்தது: பெயர்ச்சொற்களைச் சொல்வதில் நேர்மின்னோட்டம் ஓரளவு உதவக்கூடும், வினைச்சொற்களில் அப்படித் தெரியவில்லை, அன்றாட உரையாடலில் உதவுகிறது என்பதற்குச் சான்று இல்லை.

அந்தக் கடைசி வரிதான் வீட்டில் இருப்பவர்களுக்கு முக்கியம். படத்தைப் பார்த்து "சீப்பு" என்று சொல்வது ஒன்று, "அந்தச் சீப்பை எங்கே வைச்சே?" என்று மனைவியிடம் கேட்பது வேறொன்று. இது தூண்டலுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. பிரிட்டனில் 278 பேரை வைத்து நடந்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், நோயாளிகள் தங்களுக்கு வேண்டிய சொற்களைத் தேர்ந்துகொண்டு வீட்டிலேயே கணினியில் மாதக்கணக்கில் பயின்றார்கள். பயின்ற சொற்களில் வழக்கமான சிகிச்சையைவிட 16 சதவீதப் புள்ளிகள் அளவுக்கு நல்ல முன்னேற்றம். உரையாடலில் மாற்றமே இல்லை. ஆக, தூண்டல் ஆய்வுகள் எதை அளந்தன என்று பார்க்காமல் "பலன் உண்டு" என்று சொல்வது ஏமாற்று.

இந்த இடத்தில் நம்பிக்கை தருவது மார்கஸ் மைன்சர் குழு ஜெர்மனியில் செய்து 2016இல் வெளியிட்டது. 26 நோயாளிகள். மின்முனையை மொழிப் பகுதியில் வைக்காமல், கையையும் வாயையும் அசைக்கும் இட இயக்கப் பகுதியில் வைத்தார்கள். காரணம் எளிது. அந்த இடம் இந்த நோயாளிகளில் பலருக்குப் பிழைத்திருக்கிறது, கண்டுபிடிப்பதும் சுலபம், மொழி வலையோடு தொடர்பும் உண்டு. நாளுக்கு மூன்று மணி நேரம் என்று இரண்டு வாரம் கடுமையான பயிற்சி. முடிந்த உடனே பார்த்தால் பயின்ற சொற்களில் இரண்டு குழுவும் ஒரே மாதிரிதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தூண்டல் பெற்றவர்கள் கற்றதை அதிகம் தக்க வைத்திருந்தார்கள். பயிலாத சொற்களிலும், அன்றாடத் தொடர்பிலும் முந்தியிருந்தார்கள். கற்றதை நிலைக்க வைப்பதில்தான் தூண்டலின் வேலை இருக்கிறதோ என்று யோசிக்க வைக்கிற முடிவு இது. ஆனாலும் 26 பேர்தான்.

யாருக்குப் பலிக்கும்

பழுதின் இடமும் அளவும் முதல் காரணி. இடப்பக்கத்தில் எதுவும் மிஞ்சாதவருக்கு அங்கே தூண்டிப் பயனில்லை. அவருக்கு வலப்பக்கம்தான் கதி. பென்சில்வேனியாவில் ராய் ஹாமில்டன் குழு, மின்முனைகளை வெவ்வேறு விதமாக வைத்துப் பார்த்து, எது அந்த ஆளுக்கு ஒத்துவருகிறதோ அதையே அவருக்குச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் நேர்மையான அணுகுமுறை. செலவும் நேரமும் அதிகம் என்பதால் பரவவில்லை. மரபணுவும் தலையிடுகிறது. நரம்பிணைப்புகள் வலுப்பெற உதவும் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பொதுவான ஒரு வேறுபாடு உண்டு. ஃப்ரிட்ரிக்சன் குழு தங்கள் நோயாளிகளை அந்த வேறுபாட்டைக் கொண்டு பிரித்துப் பார்த்தபோது, ஒரு பிரிவினருக்கே தூண்டலின் பலன் சேர்ந்திருந்தது தெரிந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ரஜனி செபாஸ்டியனும் ஆர்கி ஹில்லிஸும் பெருமூளையை விட்டுவிட்டுச் சிறுமூளையின் வலப்பக்கத்தைத் தூண்டிப் பார்த்திருக்கிறார்கள். சிறுமூளையின் வலப்பக்கம் பெருமூளையின் இடப்பக்கத்தோடு இணைந்தது. பக்கவாதத்தில் பெரும்பாலும் தப்பியும் இருக்கும்.

விபத்தில் அடிபட்டவர்களின் நிலை வேறு. பக்கவாதத்தில் ஒரு பகுதி மொத்தமாகச் செத்துப்போகும், எங்கே என்று படத்தில் காட்டலாம். தலை வேகமாக ஆடி மோதும்போது நரம்பிழைகள் மூளை முழுக்க ஆங்காங்கே கிழிபடுகின்றன. பரிசோதனையில் அஃபேசியா என்று சொல்ல முடியாத அளவுக்கு அவர்கள் பேசுவார்கள். ஆனால் பேச்சின் நடுவே சொல் வராமல் நிற்பார்கள், எதிரில் இருப்பவர் பொறுமை இழப்பார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தில் ஜான் ஹார்ட் குழு இந்த நோயாளிகளிடம், மொழிப் பகுதிக்குப் பதிலாக நெற்றிக்கு மேலே நடுவில் இருக்கும் துணை இயக்கப் பகுதியின் முன்புறத்தைத் தேர்ந்தெடுத்தது. சொல்லைத் தேடி எடுக்கச் சொல்லி மற்ற பகுதிகளை முடுக்கிவிடும் இடம் அது என்பது அவர்களின் கோட்பாடு. பெரிய பஞ்சுறைகளுக்குப் பதில் சிறு மின்முனைகளை வளையமாக வைத்து மின்சாரத்தைக் குவித்தார்கள். சொல் மீட்பில் முன்னேற்றம் கண்டதாக எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் பெரிய அளவில் செய்து உறுதிப்படுத்தும் வரை இதை ஒரு நல்ல தொடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆபத்து உண்டா? நேர்மின்னோட்டத்தில் தோல் எரிச்சல், தலைவலி, பஞ்சுறை காய்ந்துவிட்டால் சிறு புண். காந்தத் தூண்டலில் அரிதாக வலிப்பு வரலாம். பக்கவாதம் வந்த மூளையே வலிப்புக்கு இடம் கொடுப்பது என்பதால் அலட்சியம் கூடாது. தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்திய செவிக்கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர், வலிப்பு நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் பார்த்து ஒன்பது வோல்ட் பேட்டரியில் வீட்டிலேயே கருவி கட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்காகவே 2016இல் இத்துறை ஆய்வாளர்கள் ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். ஒரு திறனைத் தூண்டப்போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஆள் விளைவு மாறும், மாற்றம் நாம் நினைப்பதைவிட நீண்ட நாள் நிற்கலாம் என்பது அதன் சாரம். மிலானில் மின்முனையை மாற்றி வைத்தபோது எதிர்பார்ப்பே தலைகீழானதை நினைத்தால் அந்த எச்சரிக்கை மிகையில்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் காந்தத் தூண்டலுக்கு 2008இல் ஒப்புதல் கொடுத்தது மனச்சோர்வுக்காக. அஃபேசியாவுக்கு இன்னும் இரண்டு முறைகளுமே ஆய்வு நிலையில்தான். இந்திய நகரங்களிலும் மனச்சோர்வுக்கென்று வாங்கிய கருவிகளைக் கொண்டு பக்கவாத நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும் இடங்கள் இருக்கின்றன. போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள். ஜெர்மனியில் 156 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தூண்டல் எதுவும் இல்லாமல், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாத பேச்சுப் பயிற்சியை மூன்று வாரம் கொடுத்தார்கள். எல்லோரும் பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள். படங்களில் மட்டுமில்லாமல், அன்றாடச் சூழலில் வாய்விட்டுப் பேசித் தெரிவிப்பதிலேயே அளக்கத்தக்க முன்னேற்றம் இருந்தது. நம் ஊரில் வாரம் ஒருமுறை, அரை மணி நேரம் என்று பயிற்சி பெறுகிறவருக்கு, அதை வாரம் பத்து மணியாக்குவதுதான் முதல் சிகிச்சை. வீட்டில் இருப்பவர்கள் பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்வதும் இதில் சேரும்.

இன்னொன்று. ஆய்வுகளில் பெயர் சொல்லும் திறனை அளக்கப் புகழ்பெற்ற பாஸ்டன் படத்தொகுப்பில் 60 படங்கள். அதில் பீவரும் பிரெட்செலும் பனிவீடும் வருகின்றன. திருநெல்வேலியில் ஒருவர் அவற்றுக்குப் பெயர் சொல்லாவிட்டால் அது மூளைப் பழுதாலா, வாழ்நாளில் பார்க்காததாலா? அரிவாள்மனை, சல்லடை, விளக்குமாறு, ரேஷன் கார்டு, பேரப்பிள்ளைகளின் பெயர்கள் என்று அவரவர் வாழ்க்கையிலிருந்து பட்டியல் போட வேண்டும். அவர் தமிழில் தேடி ஆங்கிலத்தில் "ஸ்பூன்" என்று பிடித்தால் அதையும் சரி என்றே எடுத்துக்கொள்ளலாம், வேலை நடக்கிறதே.

அப்புறம், தூண்டல் சிகிச்சைக்குப் போவதாக முடிவு செய்தால் அங்கே கேட்க வேண்டியவை இவை: மின்முனையை எங்கே வைப்பீர்கள், எங்கள் ஸ்கேனைப் பார்த்துத்தான் அதைத் தீர்மானித்தீர்களா, தூண்டல் நடக்கும்போது பயிற்சி தருவது யார், எந்தச் சொற்களில், முன்னும் பின்னும் எதை வைத்து அளப்பீர்கள். "பயிற்சியெல்லாம் தனி, நாங்கள் மிஷினை மட்டும் வைப்போம்" என்று பதில் வந்தால் அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிடலாம்.